இரண்டு கடலுக்கு ஓடிய நீலியாறு: ஒரு கற்பனை வரைபடத்தைச் செப்பனிட்ட விவரம்

கேள்வியைக் கேட்டது எங்கள் விளையாட்டில் வரும் ஒரு கள்ளக்கடத்தல்காரன். மணிமுடி நகரத்துக் கிடங்கிலிருந்து நாற்பது மூட்டை மிளகைச் சுங்கம் கட்டாமல் மேல்கடல் வரை கொண்டுபோக வேண்டும். வரைபடத்தில் விரலை வைத்து, "அண்ணாச்சி, நீலியாத்துல படகை விட்டா எத்தனை நாள்ல மேல்கடல் போகும்?" என்றான். விளையாட்டை நடத்தும் கேம் மாஸ்டர் கட்டங்களை எண்ண ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை. "எண்ணுறது இருக்கட்டும். ஏரியில இருந்து மணிமுடிக்கு நாம தண்ணி போற போக்குல தானே வந்தோம்? அப்ப இப்ப எதுத்துல்லா துடுப்புப் போடணும்? ஏரிக்கு அந்தப் பக்கம் எப்படி ஓடுது?"

பதில் யாரிடமும் இல்லை. படத்தில் ஒரே நீலக்கோடு கீழ்க்கடலில் தொடங்கி, மணிமுடியைத் தொட்டு, ஒரு குன்று வரிசையைத் துளைத்து, கண்ணாடி ஏரிக்குள் புகுந்து வெளியே வந்து, ஆனைமுதுகு மலையையும் தாண்டி மேல்கடலில் முடிகிறது. எது தலை, எது வால் என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பின்னணி சுருக்கமாக. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மதியங்களில் கூடும் குழு இது. தாள், பகடை, பேச்சு மூன்றும் போதும். ஒருவர் உலகத்தை நடத்துவார், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரம். 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானதிலிருந்து உலகமெங்கும் ஆடப்படும் வகைதான். எங்கள் உலகத்தின் வரைபடத்தை வரைந்த நண்பன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அழகான படம், குறை சொல்வதற்கில்லை. டிராகனின் செதிலைக்கூட ஒவ்வொன்றாக வரைந்திருக்கிறான். ஆறு மட்டும் நிறம் தீட்டும்போது நினைவு வந்து இழுத்த கோடு. பிழைப்புக்கு நான் தொடுவது வரைபட மென்பொருள் என்பதால் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது.

ஒரே நிபந்தனை: ஆடினது ஆடினதுதான். மேசையில் ஏற்கெனவே நடந்த எதையும் அழிக்கக் கூடாது. ஏரியிலிருந்து மணிமுடிக்கு நீரோட்டத்தோடு படகில் வந்தது நடந்தது. மழையே இல்லாத மாதத்தில் வெள்ளம் வந்து ஒரு கிராமம் மூழ்கியது நடந்தது. ஆற்றின் இரு கரையிலும் செம்மணல் பாலை என்று கேம் மாஸ்டர் வர்ணித்தது பதிவில் இருக்கிறது. கடலைக் கண்ணால் பார்க்க முடியாத ஓரிடத்தில் பழைய கலங்கரை விளக்கத்தின் இடிபாட்டைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒரு பேயோடு சண்டையும் போட்டாயிற்று. புது ஆறு இவை அத்தனைக்கும் ஒத்துவர வேண்டும்.

ஒரு ஏரி, இரண்டு வாசல்

முதல் சிக்கல்தான் பெரிது. ஓர் ஏரியிலிருந்து நீர் வெளியேறும் இடம், அதன் கரையிலேயே தாழ்வான இடம். அங்கே வழிந்து ஓட ஓட அந்த வாசல் அரித்து இன்னும் ஆழமாகும், மற்ற வாசல் ஏதும் இருந்தால் வற்றிவிடும். இயற்கையில் விதிவிலக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெனிசுலாவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து காசிகியாரே என்ற கிளை பிரிந்து, ரியோ நெக்ரோ வழியாக அமேசானுக்குப் போய்விடுகிறது. ஆனால் அது கிட்டத்தட்டத் தட்டையான நிலத்தில் நடக்கிற வேலை. நடுவில் ஒரு மலைத்தொடரை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னால் எங்கள் மேசையில் எடுபடாது. பொதிகைக்கு இந்தப் பக்கம் பெய்த மழை தாமிரபரணி, அந்தப் பக்கம் பெய்தது நெய்யாறு, நடுவில் இருக்கிற மலைமுகடுதான் எல்லை என்பது இங்கே வளர்ந்த எவனுக்கும் தெரியும்.

அப்படியானால் மேற்கு வாசல் மனிதன் செய்ததாக இருக்க வேண்டும். மனிதன் என்றா சொன்னேன், எங்கள் உலகத்தில் குள்ளர்கள். முல்லைப் பெரியாறு கண் முன்னால் இருக்கிறது. மேற்கே ஓட வேண்டிய பெரியாற்று நீரை அணையில் நிறுத்தி, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பினார் பென்னிகுயிக். 1895இல் தண்ணீர் திறந்தார்கள். நீலியாற்றில் திசையை மட்டும் மாற்றிக்கொண்டோம். கிழக்கே ஓடும் ஏரி நீரில் ஒரு பங்கைக் குள்ளர்கள் ஆனைமுதுகு மலைக்குள் சுரங்கம் வெட்டி மேற்கே கொண்டுபோனார்கள், எதற்கு என்றால் சுரங்க உலைகளின் சக்கரங்களைச் சுழற்ற. படத்தில் இருந்த கோட்டை நான் தொடவே இல்லை. மலைக்கு அடியில் போகும் பகுதியைப் புள்ளிக்கோடாக்கினேன், அவ்வளவுதான்.

இந்த ஒரு மாற்றம் கதைக்குள் என்ன செய்தது என்பதுதான் சுவாரசியம். சுரங்கம் என்றால் வாயில் ஷட்டர் உண்டு. ஷட்டர் என்றால் அதை ஏற்றி இறக்கும் ஆள் உண்டு. அந்த ஆளுக்குச் சம்பளம் தருபவன் யார் என்ற கேள்வி உண்டு. மணிமுடி அரசி தருகிறாளா, குள்ளர் தலைவன் தருகிறானா? அதற்கு முன் மலை உச்சியில் டிராகன் இருந்தது, அதற்கென்று கதையில் ஒரு வேலையும் இருக்கவில்லை. இப்போது அது ஷட்டர்மேல் படுத்திருக்கிறது.

மலையைவிட மூத்த ஆறு

ஏரிக்கும் மணிமுடிக்கும் நடுவில் நரிக்குன்று வரிசை. ஆறு அதைச் சுற்றிப் போகாமல் நேராகக் குறுக்கே வெட்டிப் போகிறது. இதைத் திருத்தத்தான் போனேன். தேவைப்படவில்லை. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா மூன்றும் இமயத்தின் பெரிய தொடர்களை அறுத்துக்கொண்டு வருகின்றன. மலை எழும்பும் முன்பே அந்த ஆறுகள் ஓடிக்கொண்டிருந்தன, மலை உயர உயர ஆறு அறுத்துக்கொண்டே வந்தது என்பது நிலவியலார் தரும் விளக்கம். எனவே நரிக்குன்று பின்னால் முளைத்தது, நீலி மூத்தவள். அந்தப் பள்ளத்தாக்கில் செங்குத்தான பாறைச்சுவர், நடுவில் குறுகிய வேகமான நீர். படகுப் பயணத்தில் கேம் மாஸ்டர் அங்கே ஒரு பதுங்கித் தாக்குதலை வைத்திருந்தது எவ்வளவு பொருத்தம் என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

துணையாறுகள் சேரும் கோணம் சின்ன வேலை. படத்தில் அவை ஏரியைப் பார்த்துச் சாய்ந்திருந்தன, கீழிருந்து மேலே போய்ச் சேர்வது போல. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, கடைசியில் சீவலப்பேரி பக்கம் சிற்றாறு என்று தாமிரபரணியில் சேரும் எதைப் பார்த்தாலும் பொதுவாகக் கடலை நோக்கிச் சாய்ந்துதான் கலக்கிறது. அழித்து வரைந்தேன், பதினைந்து நிமிடம்.

மழை இல்லாத மாதத்து வெள்ளம்

கிராமம் மூழ்கிய சம்பவத்தை "மந்திரவாதி செய்தான்" என்று முடித்துவிடலாம் என்றார் கேம் மாஸ்டர். மந்திரத்தை இப்படிச் செலவழித்தால் அப்புறம் எதற்கும் காரணம் தேட மாட்டோம் என்பது என் கட்சி. தவிர, இது திருநெல்வேலிக்காரனுக்கு அதிசயமே இல்லை. ஜூன், ஜூலையில் டவுனில் வெயில் மண்டையைப் பிளக்கும், குறுக்குத்துறையில் தாமிரபரணித் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். காரணம் தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்வது. சமவெளிக்கு அந்தப் பருவத்தில் சாரல் காற்று வருமே தவிர மழை பேருக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போதுதான் ஊருக்குள் பெய்யும். இரண்டு பருவமும் தலைப்பகுதிக்குக் கிடைப்பதால்தான் வெறும் 125 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள ஆறு வற்றாத ஆறாக இருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு போகமும் அந்தக் கணக்கில்தான்.

நீலியாற்றுக்கும் இரண்டு மழை கொடுத்தோம். மலைமழை ஒரு பருவம், கடல்மழை இன்னொரு பருவம். மூழ்கிய கிராமம் மலைமழைக் காலத்தில் மூழ்கியது, ஊரில் ஒரு துளி விழாமலே. சரி, கடல்மழைக்காலத்து வெள்ளம் எப்படி இருக்கும்? 2023 டிசம்பர் 17, 18ஐப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். மலையில் பெய்து இறங்கி வந்ததோடு நிற்காமல், கடலோரச் சமவெளியிலேயே கொட்டித் தீர்த்த மழை அது. குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டம் தீவானது, ரயில் ஒன்று பயணிகளோடு அங்கேயே நின்றுபோனது. மலைவெள்ளத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்கலாம், மேலே இருந்து குதிரைவீரன் ஓடி வந்து சொல்ல நேரம் இருக்கும். கடல்வெள்ளத்துக்கு அந்த நேரம் கிடையாது. விளையாட்டில் இந்த இரண்டுக்கும் வேறு வேறு விதி எழுதினோம்.

கோடு போதாது

இங்கேதான் வேலை உண்மையில் தொடங்கியது. கற்பனை உலக ஆறுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேடு பள்ளம், கிளை, கழிமுகம் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மழையால் மட்டும் நிரம்பும் நாடுகளுக்கு அது போதுமாக இருக்கலாம். பாசனத்தால் வாழும் நாட்டில் ஆற்றின் புவியியல் என்பது அந்த நீரை யார், எந்த இடத்தில், எந்த முறையில் எடுக்கிறார்கள் என்பதுதான். அதை வரையாத வரைபடத்தில் ஆறு ஒரு அலங்காரம்.

தாமிரபரணியில் மேலிருந்து கீழே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியானது ஆங்கிலேயர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் கிளம்புகிறது. பழவூரிலிருந்து வருவது பாளையங்கால்வாய், நாங்கள் ஆடும் மாடிக்குப் பக்கத்திலேயே போகிறது. சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் டவுனுக்குள் வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். கால்வாய்க்குக் கீழே குளம், குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளம். கோடையில் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் ஆறு கீழே போகப் போகப் பெருக்காமல் இளைத்துக்கொண்டே போவதன் ரகசியம் இதுதான். எங்கள் பழைய படத்தில் கடல் பக்கம் போகப் போகக் கோடு தடித்துக்கொண்டே போயிருந்தது. இப்போது கடல்மழைப் பருவத்துக்கு ஒரு படம், வறண்ட மாதத்துக்கு ஒரு படம், இரண்டாவதில் கோடு மெலிகிறது.

நீலியாற்றுக்கு எட்டு அதிகம், ஐந்து அணைக்கட்டுகள் வைத்தோம். விதி எளிது. மாதம் பிறந்ததும் பன்னிருமுகப் பகடை ஒன்றை உருட்டினால் விழுவது அந்த மாத நீர். முதல் அணைக்கட்டு மூன்று பங்கு எடுக்கும், இரண்டாவதும் மூன்று, அப்புறம் மூன்றுக்கும் தலா இரண்டு. ஏழு விழுந்தால் முதல் இரண்டும் நிறைந்து, மூன்றாவதற்கு ஒரு பங்கு, அதற்குக் கீழே எதுவும் இல்லை. கடைமடைக்கு முழுசாகக் கிடைக்க வேண்டும் என்றால் 12தான் விழ வேண்டும். மேலே உள்ளவன் மனமிறங்கித் தன் கால்வாய் ஷட்டரை இறக்கி அடைத்தால் ஒரு பங்கு கீழே போகும். அவன் மனமிறங்க என்ன கொடுப்பாய் என்பதுதான் ஆட்டம்.

குழுவில் ஒருவனின் பெரியப்பா கால்வாயில் லஸ்கராக, அதாவது மதகைத் திறந்து மூடும் ஆளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு மாடிக்கு வந்து உட்கார்ந்து, பகடை உருள்வதைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எல்லாஞ் சரிதாம்ல, ராத்திரி மடையில யாரு படுத்திருக்கா?" முறை வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் இரவில்தான் களவு நடக்கும் என்பது அவருடைய அனுபவம். அன்றிலிருந்து ஒவ்வொரு மதகுக்கும் இரவுக் காவல் என்று தனியாக ஒரு பகடை. எங்கள் திருடன் பாத்திரம் நாலு வருடமாகப் பூட்டு உடைத்துக் கொண்டிருந்தான். அவனுக்குக் கிடைத்த மிக லாபகரமான தொழில், கோணிச்சாக்கும் களிமண்ணும் கொண்டு ஒரு பக்க மடையை அடைத்து அடுத்த பக்கம் திருப்பிவிடுவது. வயற்காரர்கள் நெல்லாகவே கூலி கொடுத்தார்கள்.

பாலையும் துறைமுகமும்

செம்மணல் ஆற்றின் இரு கரையிலும் இருப்பதாகச் சொன்னதுதான் சங்கடம். வற்றாத ஆறு பக்கத்தில் ஓட, கரையில் பாலை எப்படி? திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரியை நினைத்தால் பாதி பதில் கிடைக்கும். குதிரைமொழித் தேரியின் செம்மண் குன்றுகளுக்கும் தாமிரபரணிக்கும் நடுவில் ஒரு நாள் நடையே அதிகம். மேற்கிலிருந்து கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று அள்ளிக் குவிக்கும் மணல் அது. கால்வாய் மட்டத்துக்கு மேலே உள்ள நிலத்துக்கு நீர் ஏறாது. கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ள உபரியை எடுத்து கருமேனியாறு, நம்பியாறு வரை இந்த வறண்ட பக்கத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை 2009இல் தொடங்கியதே அந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

எனவே பாலையை ஆற்றிலிருந்து தள்ளித் தெற்கே நகர்த்தினேன். "இரு கரையிலும்" என்ற வர்ணனை? பாத்திரங்கள் அன்றைக்குக் கால்வாயில் போனார்கள், ஆற்றில் அல்ல. கால்வாய் பாலையின் விளிம்பைத் தொட்டுப் போகிறது, எதிர்க்கரையில் உள்ள வயல் அந்த வருடம் கடைமடை என்பதால் தரிசு. கேம் மாஸ்டர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். வக்கீல் வாதம்தான், ஆனால் நிற்கிறது.

கலங்கரை விளக்கம் உண்மையில் பரிசாகக் கிடைத்தது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்க, அடுத்து காயல் என்ற ஊர் எழுந்தது. மார்க்கோ போலோ எழுதிய பெருந்துறைமுகம் அதுதான். அதுவும் தூர்ந்து உள்நாடானது. இப்போது தாமிரபரணி கடலில் கலக்குமிடம் புன்னைக்காயல். ஒரே ஆறு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று துறைகள். நீலியின் கழிமுகத்திலும் மூன்று துறைமுகங்கள் வரைந்தேன்: பேய் குடியிருந்த கலங்கரை விளக்கம் முதலாவது, பாதி ஆட்கள் போய்விட்ட சங்குத்துறை இரண்டாவது, மீனவர்கள் புதிதாகக் குடியேறிய மணல்திட்டு மூன்றாவது. முதல் துறைமுகத்தின் சுங்கச் சாவடியில் வண்டலுக்கு அடியில் ஒரு கப்பல் முழுசாகப் புதைந்திருக்கும் என்று எங்கள் தொல்பொருள் ஆர்வலர் பாத்திரம் ஊகித்தது. நான் அதற்கு இன்னும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எது வேலை செய்தது, எது செய்யவில்லை

மிளகு படகில் போகவில்லை. அணைக்கட்டுகள் வந்துவிட்ட ஆற்றில் மணிமுடியிலிருந்து எதிர்த்து ஏறுவதென்றால் ஒவ்வொன்றிலும் மூட்டையை இறக்கி, படகைக் கரையில் இழுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். அப்புறம் டிராகன் படுத்திருக்கும் சுரங்கம். கடத்தல்காரன் ஒரு கணக்குப் போட்டான், மாட்டுவண்டி பூட்டிக் கணவாய் வழியாகப் போனான். செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்குச் சரக்கு போன ஊர்க்காரர்களுக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்கும். சுங்கச்சாவடி கணவாயிலும் இருக்கும் என்பதை அவன் மறந்தது வேறு கதை.

நீர்ப்பங்கு விதி எல்லோருக்கும் பிடிக்கவில்லை. சண்டைக்காக வருகிற இரண்டு பேர், மாதா மாதம் நீர்க்கணக்கு பார்ப்பது தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்றார்கள். நியாயம்தான். எனவே பகடையைப் பருவத்துக்கு ஒருமுறை மட்டும் உருட்டுகிறோம், கடைமடைக்கு நீர் போகாத பருவத்தில்தான் கதையில் அது தலைகாட்டும். குளங்களின் சங்கிலியையும் முதலில் ஊர் ஊராக வரைந்தேன். அது ஒருவருக்கும் தேவைப்படவில்லை, மூன்று பெரிய குளங்களோடு நிறுத்திவிட்டேன். அதில் முதல் குளத்தின் கரையை வெட்டினால் மற்ற இரண்டும் உடையும் என்று கண்டுபிடித்த ஒருவன் எதிரிப் படையை அப்படியே மூழ்கடித்தான். வென்றார்கள், அந்த வருடம் பிசானம் போயிற்று, மணிமுடியில் அரிசி விலை மூன்று மடங்கு. அரசி அவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

சுரங்கத்தின் மேற்கு முனைக்கு அப்பால் படம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. உலைச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீர் எந்தப் பள்ளத்தில் இறங்கி எந்த ஊர் வயலுக்குப் போகிறது, மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அந்தத் தண்ணீரைத் தங்கள் உரிமை என்று எத்தனை தலைமுறையாக நினைத்திருக்கிறார்கள், ஷட்டரை அடைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதெல்லாம் யாராவது கணவாயைத் தாண்டிப் போகிற அன்றைக்கு வரைந்துகொள்வதாக ஏற்பாடு.